றெஜினாவின் பத்தியத்துக்கு வளர்த்த குஞ்சுகள்

போன கிழமை எனக்குப் பேத்தி பிறந்தாள். மயிலிட்டியில் இதுவரை இப்படியொரு வடிவான பிள்ளை பிறந்ததில்லை என்பது என் எண்ணம். மூக்கு மட்டும் தகப்பனுடையது. அதை மன்னித்துவிட்டேன். நேற்றுப் பக்கத்து வளவு ஸ்ரெல்லா, என் மகளின் பத்தியத்துக்கென்று ஓர் இளங்கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. பிள்ளையைத் தூக்கு என்றேன். "கை கழுவேல்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்ரெல்லாவின் புருஷன் கனிசியஸ் கடலுக்குப் போகிறவர். அவர்களுக்கு ஒரே மகள், றெஜினா. எழுபத்தைந்தாம் ஆண்டு அவள் முழுகாமல் இருந்தபோது, பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் அரைத்துச் சரக்குக் கறி வைக்க, முட்டையிடாத இளங்கோழிதான் வேண்டும். கிழட்டுக் கோழி ஆகாது. அந்த நேரம் பார்த்து ஸ்ரெல்லாவின் கோழிகளில் ஒன்றுகூட அடைக்குக் கிடக்கவில்லை. சந்தையில் பண்ணைக் குஞ்சுகள் வாங்கிவந்தாள். மெஷினில் பொரித்தவை.

பழைய கோழிகள் அவற்றை விரட்டி விரட்டிக் கொத்தின. ஒரு குஞ்சு மண்டை பிளந்து செத்தது. மற்றவற்றை முற்றத்தின் நடுவில் ஓட்டை விழுந்த ஓலைக் கடகத்தால் மூடிவைத்து, பெரிய கோழிகளுக்குக் கடகத்தைச் சுற்றியே தீன் போட்டாள். பார்த்துப் பார்த்துப் பழகட்டும் என்று விட்டாள். கொத்துவது குறைந்தது.

ஆனால் பொழுதுபட்டதும் எங்கள் ஊர்க் கோழிகள் பூவரசில் ஏறிவிடும். தாயோடு திரிகிற குஞ்சு தாயைப் பார்த்து ஏறும். இவை நிலத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பூனைக்கு அது போதும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, கொத்தாது. அதனால் இருட்டு விழுந்தவுடன் ஸ்ரெல்லா ஏணி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய கோழிகளுக்கு நடுவில் இருத்துவாள். விடிய எல்லாம் ஒன்றாக இறங்கும்.

"பாருங்கோ அக்கா, என்ரை மனிசி கோழிக்கு மரமேறப் படிப்பிக்கிறா," என்று கனிசியஸ் வேலிக்கு இங்கால் நின்ற எனக்குச் சொல்லுவார். "நாளைக்கு நீந்தப் பழக்கவெண்டு என்ரை வள்ளத்திலை ஏத்துவா."

"நீங்கள் சும்மா இருங்கோ. தாயில்லாததுகளுக்கு ஆர் காட்டிக் குடுக்கிறது?"

ஒருநாள் பின்னேரம், "அக்கா, ஓடி வாங்கோ! தானா ஏறிட்டுது!" என்று கத்தினாள். றெஜினாவும் வயிற்றைப் பிடித்தபடி வந்து பார்த்துச் சிரித்தாள். "இப்ப உங்கடை செல்லப்பிள்ளை நானில்லை அம்மா, உதுதான்."

"விசரி. எல்லாம் உனக்குத்தானேடி."

றெஜினாவுக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அது அழவேயில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஸ்ரெல்லா கத்தியைத் தீட்டினாள். கனிசியஸ் அவளுடைய கையைப் பிடித்தார். "இப்ப என்னத்துக்கு உது?"

"பிள்ளை இல்லாட்டிலும் அது பெத்த வயிறு. விடுங்கோ."

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து மற்றக் கோழிகளோடு கலந்துதான் மேய்ந்தன. அரிசியைக் காட்டிக் கூப்பிட, அவளிடம் முதலில் ஓடிவந்ததும் அவற்றில் ஒன்றுதான். அதையே பிடித்தாள். நான் சரக்கு அரைத்துக் கொடுத்தேன்.

றெஜினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எழும்பு பிள்ளை. ரெண்டு வாய்."

"எனக்கு வேண்டாம்."

"உடம்பு தேற வேணுமெல்லே."

"உதைத் திண்டாப் பால் ஊறும் அம்மா. ஆர் குடிக்கிறது?"

கறி ஆறிக்கொண்டிருந்தது. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி ஸ்ரெல்லா பாயின் ஓரத்தில் இருந்துவிட்டாள்.

"நானும் ஒண்டைத்தான் பெத்தனான், மோனை," என்றாள் கடைசியில். "நீ தின்னாமக் கிடந்து போயிட்டா, எனக்கும் உன்ரை கதிதான்."

றெஜினா மெல்லத் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களே?"

"ஓம்."

"பொய்."

சுவரைப் பிடித்து எழும்பி இருந்தாள். ஸ்ரெல்லா சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள். மகள் ஒரு வாய், தாய் ஒரு வாய். சாப்பிடச் சாப்பிட றெஜினாவின் சட்டை முன்பக்கம் நனைந்துகொண்டு வந்தது. ஸ்ரெல்லா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்த பிடியை உருட்டி நீட்டினாள்.