கிளட்ச் மாற்றிய நாள்

மெக்கானிக் "ரத்தம்!" என்று கத்தியபோது அவனுக்குத்தான் எங்கோ வெட்டிவிட்டது என்று நினைத்தேன். காரில் உட்கார்ந்தபடியே, "பார்த்து வேலை செய்யக் கூடாதா?" என்று அவனை அதட்டவும் செய்தேன். அவன் என் இடது காலைக் காட்டினான். கிளட்ச் பெடலின் ரப்பர் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. உருண்டை முன்விளக்குகள், ஒல்லியான ஸ்டீயரிங், என் வயதுக்குக் கொஞ்சம்தான் இளையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நானே தேடிப் பிடித்து வாங்கினேன். விவேக் நகரில் எங்கள் தெருவில் அதை நிறுத்தினால் பால் வேன் திரும்பாது. அதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமில்லை. ஆனால் கணவர் போன பிறகு, "என்னைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறாயா" என்று எவனிடமும் போய் நிற்காமல் என்னை வாழவைத்தது அந்த வண்டிதான். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமல்ல, கோலார் தங்கவயலில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் நானே ஓட்டிப் போவேன்.

கொஞ்ச காலமாக கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்று காலுக்குப் புரிபடவில்லை. தொம்மலூர் பழைய ஊருக்குள் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய்ப் போய் நின்றேன். கேபிளை மாற்றினான், இறுக்கினான், தளர்த்தினான்.

"ஆன்ட்டி, நான் ஓட்டுனா வெண்ண மாதிரி போவுது. எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"ஆளில்லாத சந்துல ஓட்டிப் பாத்தா எல்லாம் வெண்ணதான். சிக்னல்ல நின்னு நின்னு ஓட்டிப் பாரு, அப்பத் தெரியும்" என்றேன்.

என் மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் வண்டியில் போய் ஆபீஸ் வண்டியில் வருகிறவன். "மம்மி, இத வித்துடலாம். புக் பண்ணா கேப் வாசலுக்கே வருது. எதுக்கு இந்தத் தொல்ல?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கிளட்ச்சையே அடியோடு மாற்றிவிடுவது. அதற்குப் பிறகும் கியர் கத்தினால் மறுபேச்சில்லாமல் வண்டியை விற்க நான் சம்மதிப்பது. கேபிள்தான் கோளாறு என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லாததால், திமிரோடு ஒப்புக்கொண்டேன்.

கேபிளைத் தூக்கிவிட்டு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற கிளட்ச் வைக்கலாம் என்றான் மெக்கானிக். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியே போய் மறுமுனையில் தள்ளும். இழுபடக் கம்பியே கிடையாது. வேறொரு வண்டியின் சாமான்களைப் பழைய இரும்பு விற்கும் குஜிரிக் கடைகளில் பொறுக்கி எடுத்து, பழுது பார்த்து, புது ரப்பர் போட்டு வைத்திருந்தான். இன்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் அவன் துளை போட்டபோது, என் பல்லில் போடுவதுபோல எனக்குக் கூசியது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இரும்புச் சீவல்கள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்து கிடந்தன. பெருக்கி அள்ளினான். குழாயில் எண்ணெய் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றையெல்லாம் வெளியேற்றி, பெடலைக் கையாலேயே அழுத்திக் காட்டினான்.

"சக்கத்தா, சூப்பரா இருக்குது ஆன்ட்டி. உக்காந்து பாருங்க."

அதற்கு முன் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினான். பெரிய வேலை முடிந்தால் இது இல்லாமல் எந்த ஷெட்டிலிருந்தும் வண்டி நகராது. நான் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவள். ஆனால் எலுமிச்சம்பழத்தில் நான் மதம் பார்த்ததில்லை. பூசை போட்ட வண்டியில் செருப்போடு ஏறக் கூடாது என்பதும் அவன் ஷெட்டின் கண்டிப்பு. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். மகனும் லீவு போட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்து, முதல் கியரைத் தள்ளினேன். கரகரவென்று அதே சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முழுசா அமுக்குங்க ஆன்ட்டி."

"முழுசாத்தான் அமுக்கியிருக்கேன். கத்துக்கொடுக்கறியா எனக்கு?"

"பாதிதான் போயிருக்குது. இன்னும் அமுக்குங்க."

பெடல் தரையைத் தொட்டுவிட்டது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். நம்மை ஏமாற்றுகிறான், சாமானில் கோளாறு வைத்துக்கொண்டு என் தலையில் கட்டுகிறான் என்று ஆத்திரம் பொங்கியது. பார்க்கட்டும் என்று மறுபடி மறுபடி மிதித்தேன். அவன் கதவுப் பக்கம் குனிந்து பெடலைப் பார்த்தான். அப்போதுதான் கத்தினான்.

பெருக்கியதில் தப்பிய ஒரு சீவல், காருக்குள் காலடி விரிப்பின் ஓரத்தில் கிடந்திருக்கிறது. ஏறும்போதே அது என் குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்காலில் இறங்கியிருக்கிறது. அத்தனை முறை மிதித்ததில் இன்னும் உள்ளே போயிருக்கிறது. மகன் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மெக்கானிக் குறடால் பிடித்து இழுத்தான். விரல் நீளத்துக்கு வந்தது.

"வலிக்குதா மம்மி?"

"இல்லையே" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில்தான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. வலித்திருக்க வேண்டும். எனக்கு வலிக்கவில்லை.

மெக்கானிக் அதே சீட்டில் உட்கார்ந்து வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்து, சாவியை என்னிடம் கொடுத்தான். கியர் ஒரு முறைகூடக் கத்தவில்லை. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

மகன் ஆட்டோ பிடித்து என்னை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எனக்குச் சர்க்கரை உண்டு. இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று காலையில் ஒரு மாத்திரையோடு அதை மறந்துவிடுகிறவள் நான். செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறதா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், அதற்குச் செருப்புக் கடைக்காரனைப் போய்த் திட்டிவிட்டு வந்திருந்தேன்.

காயத்துக்குக் கட்டுப் போட்ட பிறகு, நைலான் நரம்பு போல மெல்லிய ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்கோங்கம்மா. நான் தொடறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். ஃபேன் சத்தம் கேட்டது. மகன் தொண்டையைச் செருமினான். டாக்டர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலாமே டாக்டர்" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டேன்மா" என்றார் டாக்டர்.

ஆனாலும் நான் விடவில்லை. "அது கிளட்ச் கால்தானே டாக்டர், போகட்டும். பிரேக் போடறது வலது கால். அது நல்லாத்தான் இருக்கு. அதப் பாருங்க."

"ரெண்டு காலையும்தாம்மா பாத்தேன்."

கோயில் பக்கத்துச் சிக்னலில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும். முந்தின நாள் மாலைகூட அந்த வலது காலை நம்பித்தான் அவர்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தேன். பையைத் துழாவிக் கார்ச் சாவியை எடுத்து மகனிடம் நீட்டினேன்.