தொண்ணூற்றொன்பதில் நின்ற வேகம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் 'ஆன் ஆகல' என்று வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். 'ஆன் ஆகுது, ஆனா ஸ்லோவா இருக்கு' என்று வருகிறவர்களிடம்தான் வசமாக மாட்டிக்கொள்வோம். திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். காரைக்காலில் கடை வைத்திருக்கும் எனக்கு அதுதான் பிழைப்பு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய பிராசசர்கள் வேலை கூடினால் தாங்களாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் இறங்கிவிடும். டர்போ என்பார்கள். ஆனால் மெஷினை நடத்துகிற விண்டோஸோ லினக்ஸோ விட்டால்தான் ஏற முடியும்.

ஒரே ஒரு சதவீதம்

வரிச்சிக்குடியிலிருந்து மல்லிகா டீச்சர் லேப்டாப்போடு வந்தார். மார்க் ஷீட்டைத் திறக்க அழுத்திவிட்டுப் போய் உலை வைத்துவிட்டு வரலாமாம். வைரஸ் இல்லை, டிஸ்க்கும் நன்றாக இருந்தது. கடைசியில் விண்டோஸின் பவர் செட்டிங்கைத் திறந்தேன். பிராசசரின் உச்ச அளவு தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று இருந்தது. ஃபேன் சத்தம் போடுகிறது என்று எப்போதோ யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். நூறிலிருந்து ஒன்று குறைத்தாலே அந்த மெஷினில் டர்போ அடியோடு நின்றுவிடும்.

நூறாக்கிக் கொடுத்தேன். மார்க் ஷீட் சட்டென்று திறந்தது. டீச்சர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் திரையைக் காட்டிக் கேட்டார்: "இந்த ஒரு சதவீதத்துக்காங்க ரெண்டு வருஷமா நான் எம் புள்ளைங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன்?"

வேகம் வேண்டாம்

அதற்கப்புறம் கடைக்கு வந்த எல்லா லேப்டாப்பையும் நான் நூறாக்கிக்கொண்டிருந்தேன். திருமலைராயன்பட்டினம் நிஷா அக்காவுடையதையும் அப்படித்தான் செய்தேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வீடியோவில் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர் அவர். மறுநாளே போன் வந்தது. ஃபேன் இரைகிறதாம். "வேகமா ஓடுதுல்லக்கா, அதான்" என்று பெருமையாகச் சொன்னேன். நேரில் வரச் சொன்னார்.

போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு சின்னப் பெண் வாயசைக்கிறாள். எனக்குக் கேட்டதெல்லாம் ஃபேன்தான். தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்தை அவள் நாக்கில் சொல்கிறாளா என்று அக்கா காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் தொண்ணூற்றொன்பதுக்கு இறக்கினேன். ஃபேன் அடங்கியது. அடுத்த பிள்ளை ஓத ஆரம்பித்ததும் அக்கா முகம் மலர்ந்து சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் தம்பி புள்ள தப்பா ஓதுறது தெளிவா கேக்குது!"

நான் செய்த தப்பு

குரும்பகரம் அபிநயாவின் அப்பாவுக்குக் கொஞ்சம் நடவு நிலம். வீட்டில் முதல் பட்டதாரி அவள். வேலைக்கான ஆன்லைன் தேர்வு இரண்டு நாளில் என்று பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதில் லினக்ஸ். டர்போ அணைந்து கிடந்தது. போட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, "பறக்கும்மா, போ" என்று அனுப்பினேன்.

தேர்வில் பத்து நிமிஷம் பறந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு பக்கமும் நகர்ந்து நகர்ந்து வந்து, பாதிக் கேள்வியிலேயே நேரம் முடிந்துவிட்டது. அப்பாவோடு வந்தாள். அவர் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். நான் மறுபடியும் செட்டிங்கைத்தான் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. என்னோடு கடை நடத்தும் செல்விதான் பின்மூடியைக் கழற்றினார். ஃபேன் வாயில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. சூடு ஏறிவிட்டால், லினக்ஸ் விட்டாலும் பிராசசர் தானே இறங்கிவிடும். "ஸ்கிரீனையே பார்த்தீங்களே, அடியில ஒரு தடவ கைய வச்சுப் பார்த்தீங்களா?" என்று செல்வி கேட்டார்.

நிலைமையை விளக்கி அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டோம். பதில் வரவில்லை. லேப்டாப்பைச் சுத்தம் செய்து ஒரு பகல் முழுக்க ஓடவிட்டேன். அடுத்த மாதம் வேறொரு கம்பெனியின் தேர்வை எங்கள் கடையிலேயே எழுதச் சொன்னோம். ஷட்டரைப் பாதி இறக்கி, வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினோம். பத்து நிமிஷம் மிச்சம் வைத்து எழுதி முடித்தாள். வேலை கிடைத்தது. ஆர்டரைக் காட்ட வந்தவளிடம், அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் மெல்லச் சொன்னாள்: "நீங்க மூடியக் கழட்டிக் காட்டுற வரைக்கும், நான்தான் ஸ்லோன்னு நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேண்ணே."

ஸ்லோ என்று வருகிறவற்றில் பாதி உண்மையில் ஸ்லோவே இல்லை என்பது புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்றால், எங்கள் கடையிலேயே படு ஸ்லோவான சரக்கு எது என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.