ஒட்டகக் கேசுக்கு அடுத்த கேஸ்

ஓமானில், சலாலாவின் புதுக் கோர்ட்டுக் கட்டடத்தில் வாசமே இல்லை. உள்ளே நுழைந்தால் ஏசி குளிர், டோக்கன் மெஷின், வரிசையாக நாற்காலி, அவ்வளவுதான். போன வாரம் நான் போனபோது வெளியே கரீஃப் தூறிக்கொண்டிருந்தது. கரீஃப் என்பது இங்கே மழைக்காலம். அதை மழை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பதுபோலப் பொசபொசவென்று மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி நனைந்துபோய் உட்கார்ந்ததில் அந்த ஹாலிலேயே என் சட்டைக்கு மட்டும்தான் ஒரு வாசம் இருந்தது. ஈரம் காயாத துணி வாசம். அது மூக்கில் ஏறியதும் பழைய கோர்ட்டு ரெக்கார்டு ரூம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சவுதியில், ஜுபைலில் இருக்கும் அந்தோணி அண்ணன் கேட்டார் என்று போனேன். ஆயில் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டு சூப்பர்வைசர், ரிட்டயர் ஆகும் வயசு தாண்டியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். திடீரென்று போன் பண்ணி, "பாய், எனக்க தம்பிக்க அந்தக் கோர்ட்டுப் பேப்பர் இன்னும் அங்க இருக்குமா? ஒரு தடவ பாக்கணும்" என்றார்.

அவருடைய தம்பி சேவியர் போன வருஷம் ஊரில் இறந்துபோனான். அந்தப் பேப்பரில் உள்ள கேஸை வைத்துத்தான் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். பல வருஷம். சாவுக்கும் இவர் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதாகக் கேள்வி. இப்போது பேப்பர் வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்தவனுக்கு எதற்கு அண்ணே பேப்பர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கேட்கவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது, இப்போதெல்லாம் அது வருவதில்லை. "பாக்குறேண்ணே" என்று சொல்லிவிட்டுக் குடையில்லாமல் கிளம்பினேன்.

டோக்கன் நம்பர் நகர்வதாக இல்லை. சும்மா உட்கார்ந்தால் மனசு பின்னால்தானே போகும்.

பழைய கோர்ட்டுக்கு எதிரே ஹனீபா காக்காவின் டைப்பிங் கடையில்தான் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழக்கரைப் பக்கம் நாங்கள் மூத்தவர்களைக் காக்கா என்போம். சேவியருக்கு அது கடைசி வரை சிரிப்பு. "பெரிய மனுசனப் போயி காக்கான்னு கூப்பிடுதியளே பாய்" என்பான். காக்கா என்னை வேலைக்கு எடுத்ததே ஒரு கூத்து. "அரபி தெரியுமாடா?" என்றார். "நல்லா ஓதுவேன் காக்கா" என்றேன். "ஓதுறது அல்லாவுக்கு. இங்க கோர்ட்டுக்கு எழுதணும்" என்றார். மதரஸாவில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். வாய் படிக்கும், மூளைக்கு ஒன்றும் போகாது. முதல் வாரம் ஒரு ஓமானி கொண்டுவந்த மனுவை அழகாக இழுத்து ராகமாகப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, என் தண்ணித் தொட்டியைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? காக்கா உள்ளே போய்ச் சிரித்தது வெளியே கேட்டது.

ஆனால் கற்றுக்கொண்டேன். மனு எழுத, தேதி பார்த்துச் சொல்ல, தீர்ப்புக் காப்பி கேட்டு வாங்கித் தர என்று தினமும் நாலு தடவையாவது சாலையைக் கடந்து கோர்ட்டுக்குள் போகவேண்டியிருக்கும். காப்பி கேட்பதுதான் சல்லியம் பிடித்த வேலை. ரெக்கார்டு ரூமில் கயிறு கட்டிய ஃபைல்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். கரீஃப் வந்தால் எல்லாம் பூசணம் பிடிக்கும். அங்கே இருந்த கிளார்க் நரைத்த தாடிக்காரர், ஈரத்துக்கு மருந்து என்று ஒரு சட்டியில் சாம்பிராணி மாதிரிக் குந்திரிக்கம் புகைத்து மேஜைக்கு அடியில் வைத்திருப்பார். பூசணமும் குந்திரிக்கமும் கலந்த வாசம். முதல் தடவை அங்கே வந்த சேவியர் சட்டென்று தொப்பியைக் கழற்றிவிட்டான். "கோயில் வாசம் அடிக்குது பாய்" என்றான். வேதக்காரர்கள் சர்ச்சைத்தான் கோயில் என்பார்கள்.

சேவியர் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஸ்டோரில் இருந்த செம்புக் குழாய்ச் சுருள் காணாமல் போனது. ஸ்டோர் சாவி இவனிடம். கம்பெனி கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டது. பிடித்து உள்ளே வைத்தார்கள், பிறகு கோர்ட்டு, ஒரு நாள் விட்டுவிட்டார்கள். போலீஸ்காரர் "கலாஸ்" என்று கையைத் தட்டிக் காட்டினாராம், முடிந்தது, போ என்று. இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டான். வேறு ஒரு மலையாளியின் ஏசி கடையில் வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் ஜெயிலுக்குப் போன சேதி அவன் சொல்வதற்கு முன்னால் ஜுபைல் போய்ச் சேர்ந்திருந்தது. வளைகுடாவில் மற்றது எல்லாம் லேட்டாகும், இந்த மாதிரிச் சேதி மட்டும் ஃப்ளைட் பிடித்துப் போகும்.

அந்தோணி அண்ணன்தான் தம்பிக்கு அந்த விசாவே வாங்கித் தந்தவர். விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் ஓமானியிடம் "எனக்க தம்பி தங்கம், நான் ஜவாப்" என்று சொல்லி வாங்கியது. அப்பன் சீக்கிரம் கடலோடு போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்ததும் அவர்தானாம். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். இவன் போன் போட்டால் கட் பண்ணுவார். கடைசியாக ஊர்க்காரன் ஒருவன் மூலமாகச் சொல்லி அனுப்பினாராம். கோர்ட்டுப் பேப்பரைக் காட்டட்டும், பிறகு பேசுகிறேன் என்று.

அதைச் சொல்லிக்கொண்டுதான் சேவியர் எங்கள் கடைக்கு வந்தான். "பாய், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எனக்க அண்ணன் எங்கிட்ட பேசணும். அவ்வளவுதான்."

"அன்னிக்கே காப்பி வாங்கியிருக்கலாமேப்பா" என்றேன்.

"விட்டாப் போதும்னு ஓடி வந்துட்டேன் பாய்."

காக்கா தலையை ஆட்டினார். "எல்லாப் பயலும் இப்படித்தான். தோத்தவன்தான் தீர்ப்பக் கேட்டு வாங்குவான், அப்பீல் போகணுமே. ஜெயிச்சவன் ஓடிருவான். அப்புறம் ஊருல நிரூபிக்கணும்னு வரும்போது முழிப்பான்." அது உண்மை. அந்தக் கடையில் இருந்த காலம் முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன்.

கேஸ் நம்பர் தெரியாது. தேதி தெரியாது. கரீஃப் நேரம் என்று மட்டும் தெரியும். நம்பர் இல்லாமல் போய் நின்றால் தாடிக்காரர் என்ன செய்வார்? "புக்ரா" என்றார். புக்ரா என்றால் நாளைக்கு. மறுநாள் போனோம், புக்ரா. அதற்கு அடுத்த நாளும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பெயரை வைத்துக்கொண்டு அந்தக் காகித மலையில் எங்கே கையை விடுவது? சேவியர் டூட்டிக்கு நடுவே ஓடி வருவான், வாசலில் நின்று குந்திரிக்கத்தை முகர்வான், திரும்பிப் போவான். முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் சலித்துப்போய் அவனிடமே கேட்டேன். "அன்னிக்குக் கோர்ட்டுல வேற என்ன நடந்துச்சு? எதாவது ஞாபகம் இருக்கா?"

யோசித்தான். "எனக்கு முந்தி ஒரு ஒட்டகக் கேஸ் நடந்துது பாய். கார் மோதிச் செத்த ஒட்டகம். ஒட்டகக்காரர் ஒரே அழுகை. ஜட்ஜு முன்னாலேயே அதுக்க பேரைச் சொல்லி அழுதாரு."

இதை நான் எனக்குத் தெரிந்த அரபியில் தாடிக்காரரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. அந்த ஒட்டகக்காரரை அவருக்குத் தெரியும், ஒட்டகத்தையும் தெரியும், அது எந்த மலைப் பக்கம் மேய்ந்தது, அதன் தாய் எப்படிப் பால் கொடுத்தது எல்லாம் தெரியும். எங்களை உட்கார வைத்துக் கறுப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்து அந்த ஒட்டகத்தின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்து உள்ளே போனார். ஒட்டகக் கேஸ் ஃபைலை எடுத்தார். அதற்கு அடுத்த ஃபைல் சேவியர்.

கடைக்கு ஓடி வந்தோம். சேவியர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அண்ணனுக்கு அரபியும் இங்கிலீஷும் படிக்க வராது, தமிழில் எழுதித் தரவேண்டும் என்றான். காக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தமிழ்லயா? அதுக்கு எந்த சீல்டா குத்துறது?" என்றார். அந்தக் கடை தொடங்கியதிலிருந்து யாரும் தமிழில் கேட்டதில்லை. கடைசியில் சும்மா வெள்ளைத்தாளில், கையாலேயே எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். "போதிய சாட்சியம் இல்லாததால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்படுகிறார்."

சேவியர் காத்திருந்தான். பிறகு, "மத்தது எங்க பாய்?" என்றான்.

"எது?"

"நான் எடுக்கல்லன்னு."

"அப்படி எழுத மாட்டாங்க சேவியர். கோர்ட்டு இவ்வளவுதான் சொல்லும்."

"நான் எடுக்கல்ல பாய்."

"எனக்குத் தெரியும்ப்பா."

"அப்பம் ஒரு வரி சேத்து எழுதித் தாங்க. 'இவன் எடுக்கல்ல.' ஒரே ஒரு வரி. அண்ணன் அதத்தான் பாப்பாரு."

நான் காக்காவைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். கோர்ட்டு சொல்லாததை நான் எழுதமுடியாது என்றேன். அவன் சண்டை போடவில்லை. சரி பாய் என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். சரியாக இருந்து என்னத்தைக் கண்டோம் என்பது வேறு.

பேப்பர் ஜுபைல் போய்ச் சேர்ந்தது. பதில் கடை போனுக்கு வந்தது, அதனால் எனக்கும் தெரியும். ஸ்பீக்கர் தேவைப்படாத குரல் அண்ணனுக்கு. "சாட்சி இல்லன்னா எடுக்கல்லன்னு ஆகுமா? தப்பிச்சுட்டான்னுதான் எழுதியிருக்கு." வைத்துவிட்டார். சேவியர் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தான். பிறகு காக்காவிடம் டீ சொல்லட்டுமா என்று கேட்டான். அதற்குப் பிறகும் பல வருஷம் இந்த ஊரில்தான் இருந்தான், வாராவாரம் வருவான், எங்கள் கடை ஏசியைக் காசு வாங்காமல் ரிப்பேர் பண்ணுவான். அண்ணன் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. கான்ட்ராக்டு முடிந்து ஊருக்குப் போனான். அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் இவன் வலை பின்னும் இடத்தை மாற்றிக்கொள்வானாம், எதிரே பட்டுவிடக் கூடாது என்று.

என் நம்பர் வந்தது. கவுன்ட்டரில் சின்னப் பெண், நல்ல மரியாதை. சேவியரின் பழைய ரெசிடென்ட் கார்டு நகலை அண்ணன் எங்கிருந்தோ தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார். அதை நீட்டினேன். நான் யார், வாரிசா, அனுமதிக் கடிதம் உண்டா என்று கேட்டாள். பிறகு அவளே, முதலில் இருக்கிறதா பார்ப்போம், இல்லாததற்கு எதற்கு அனுமதி என்று சிரித்தபடி தட்டினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"மாஃபி" என்றாள். இல்லை. பழைய ஃபைல்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏற்றப்படவில்லையாம். கட்டடம் மாறும்போது காலம் கடந்தவற்றைக் கழித்துவிட்டார்களாம். இந்த நபர் பேரில் ஒன்றும் இல்லை என்று திரையைத் திருப்பியே காட்டினாள். ஆசைக்கு ஒட்டகக் கேஸைக் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு அது புரியவில்லை.

வெளியே வந்து பழைய தெரு வழியாக நடந்தேன். பழைய கோர்ட்டு இருந்த இடம் இப்போது பார்க்கிங். ஹனீபா காக்கா கடை மொபைல் கவர் விற்கும் கடை ஆகிவிட்டது. காக்கா மௌத்தாகி அடக்கம் பண்ணி வருஷங்கள் ஆகின்றன. தாடிக்காரர் எங்கே போனாரோ, அவர் பெயர்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இளநீர்க் கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி ஜுபைலுக்குப் போன் போட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தார்.

"அண்ணே, பாத்துட்டேன். பேப்பர் இல்லண்ணே."

"இல்லியா?"

"இல்ல. கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாங்க. சேவியர் பேர்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

தூறல் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாரு சொன்னா? கோர்ட்டா?"

"கோர்ட்டுதாண்ணே."

"ஒண்ணுமே இல்லன்னா சொன்னாங்க?"

ஃபைலைக் கழித்துவிட்டதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். வயசான ஆண் அழுவதைப் போனில் கேட்பது போல ஒரு கொடுமை இல்லை.

"அப்பம் அவன் எடுக்கல்ல" என்றார். "எனக்க தம்பி எடுக்கல்ல பாய்."

"எடுக்கலண்ணே" என்றேன்.

அந்த ஒரு வரியைத்தான் சேவியர் என்னிடம் எழுதித் தரச் சொன்னான். இப்போது அவன் அண்ணனே தன் வாயால் சொல்லிவிட்டார். கேட்கத்தான் அவன் இல்லை.