களவெடுத்த செவ்வரத்தை

போன மாதம் பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு ஒருவரும் கடையில் பூ வாங்கவில்லை. முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளெல்லாம் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டின. அவ்வளவும் ஒரு காலத்தில் அவருடைய வீட்டு வளவிலிருந்து களவுபோன செடிகளின் வழிவந்த பூக்கள். யார் எப்போது எடுத்தார்கள் என்று தனக்குத் தெரியாது என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

களவைப் பற்றிப் பெரியம்மாவுக்கு அசையாத நம்பிக்கை ஒன்று இருந்தது. "கேட்டு வாங்கின கண்டு முகத்துக்காக ரெண்டு இலை விடும், பிறகு பட்டுப்போகும். களவெடுத்ததுதான் வாழும்" என்பார்.

போர் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது எனக்கு எட்டு வயது. பெரியம்மாவின் வளவை யாரோ இயந்திரத்தால் வழித்து மண் அணை கட்டியிருந்தார்கள். ஒரு புல் இல்லை. அம்மா தகரக் கொட்டிலுக்குக் கூரை தேடி அலைய, பெரியம்மா வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றார். அயலவர்கள் தங்களிடம் தப்பியிருந்த செடிகளில் தடி வெட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா ஒன்றையும் வாங்கவில்லை.

"தந்தா வராது. நாங்க போய் எடுப்பம். நீ படலையடியில நிண்டு பார், பிள்ளை."

இப்படித்தான் நான் களவுக்குப் போனேன். ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் உச்சி வெயிலில் மல்லிகை, மாதுளை, தேமா என்று வீடு வீடாக எடுத்தோம். ஒரு நாய் குரைக்கவில்லை. ஒரு வாசற்படலையும் கட்டியிருக்கவில்லை. எங்களைப் போலத் திறமான கள்ளர் வன்னியிலேயே இல்லை என்று நினைத்தேன். பெரியம்மா தடியைச் சரித்து வெட்டுவதையும், பச்சைக் குழந்தையைப்போல ஈரத்துணியில் சுற்றுவதையும், செத்த மண்ணில் ஊன்றிய அந்தத் தடி ஒருநாள் காலையில் கண் திறப்பதையும் பார்த்து எனக்கு வாய் மூடவில்லை. கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து பெரியம்மாவின் கையை ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன்.

ஆனால் அவர் தேடியது மட்டும் அகப்படவில்லை. மஞ்சள் அடுக்குச் செவ்வரத்தை. பெரியப்பா நாயாற்றுப் பக்கமிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து வைத்தது. பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய படமொன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

கடைசியில் அது நின்றது ஆட்டுக்கார மனிசியின் வளவில். இடம்பெயர்வதற்கு முதல், அந்த மனிசியின் ஆடு பெரியம்மாவின் பயற்றங்கொடியை மேய்ந்து, பெரியம்மா ஆட்டைப் பிடித்துக் கட்டி, இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அன்றோடு கதைபேச்சு நின்றுபோயிருந்தது.

வேலிக்கு மேலால் மஞ்சள் தெரிந்ததும் பெரியம்மா அப்படியே நின்றார்.

"கள்ளி. எப்ப எடுத்தவள்?"

குரலில் கோபம் இல்லை. மற்ற வீடுகளில் பிடிபட்டால் சிரிப்போடு போகும். இங்கே பிடிபட்டால் ஊர் கூடும். நாளைக்கு அந்தச் செடியும் இருக்காது.

உள்ளே போனோம். மனிசி கிணற்றடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் வாளிக்குப் பக்கத்தில், காய்ந்த துணியொன்றைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். செவ்வரத்தையடியில் ஒரு கத்தியும் நனைத்த சாக்குத் துண்டும் கிடந்தன. எங்கள் நல்ல காலம் என்று நினைத்தேன்.

பெரியம்மா செவ்வரத்தையின் ஒரு கொப்பைப் பிடித்தார். மரத்தடியில் கட்டியிருந்த ஆடு கத்தியது. நான் பெரியம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

மனிசி திரும்பவில்லை. "என்னத்துக்குக் கத்துறாய்? ஒருத்தரும் வரேல்லை" என்று ஆட்டை அதட்டினார். பிறகு இன்னும் உரத்து, "இளங்கொப்பில வாய் வையாதை. அங்காலை முத்தினது நிக்குது, கண் தெரியேல்லையே உனக்கு?"

பெரியம்மா கையிலிருந்த கொப்பை விட்டுவிட்டு, அங்காலை நின்ற முத்தின கொப்பை வெட்டினார். கத்தியைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார்.

"பெரியம்மா, அவாக்குக் காது கேக்காதே?" என்று கேட்டேன்.

"ஓமடி பிள்ளை. சுத்தமாக் கேக்காது."

செவ்வரத்தை பிடித்தது. அதற்குப் பிறகு பல காலம், அந்த மனிசியை வழியில் கண்டால் நான் கிட்டப் போய்த் தொண்டை கிழியக் கத்தித்தான் கதைப்பேன். அவரும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "என்ன பிள்ளை, விளங்கேல்லை" என்று குனிவார்.