போலீஸ் வராத அலாரம்

குன்னூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது பிலோமி வேலை பார்த்த அலாரம் கம்பெனி. தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் ஆட்களைக் குறைத்தபோது, அங்கே ஆபீஸ் வேலையில் இருந்த அவளும் வெளியே வந்தாள். அதே விலைச்சரிவுதான் இந்தக் கம்பெனியை வாழவைத்தது. வாட்ச்மேன்களை நிறுத்திவிட்ட முதலாளிகள், பூட்டிய பங்களாவிலும் ஃபேக்டரியிலும் அலாரம் மாட்டினார்கள். அங்கே மணி அடித்தால் பிலோமியின் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். உடனே அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் செய்ய வேண்டும்.

மணியோ எதற்கெல்லாமோ அடித்தது. குரங்கு ஜன்னலை உலுக்கினால் அடித்தது. கரண்ட் போய் வந்தால் அடித்தது. மழைக்காலத்தில் ஈரம் இறங்கி சும்மாவே அடித்தது. ஒவ்வொரு தடவையும் ஏட்டு அழகர்சாமி ஜீப்பில் மலையேறிப் போய், பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வந்ததும் போனில் அவளைத்தான் பிடிப்பார்.

"ஏம்மா, குரங்கு வெரட்டவா நாங்க காக்கி மாட்டியிருக்கோம்?"

கம்பெனி முதலாளி ரவிச்சந்திரனிடம் கெஞ்சிப் பார்த்தாள் பிலோமி.

"சார், முதல்ல அந்த ஊட்டுக்கு போன் போட்டுக் கேக்கறேனுங்க. எடுக்கலைன்னா பக்கத்துல யாரையாச்சும் எட்டிப் பார்க்கச் சொல்றேன். அப்புறம் போலீசுக்குச் சொல்லலாமுங்க."

"போலீஸ் உடனே வரும்னு சொல்லித்தாம்மா அலாரமே விக்கறேன். நீ விசாரிச்சுட்டு உக்காந்திருந்தா எவன் வாங்குவான்?"

ஒரு மத்தியானம், கோத்தகிரி சாலையில் மூடிக்கிடந்த ஃபேக்டரியின் விளக்கு எரிந்தது. முதலில் வாசல் கதவு. சற்று நேரத்தில் உள்ளே மெஷின் ரூம். பிலோமி உடனே ஸ்டேஷனுக்கு அடித்தாள்.

"சார், இது குரங்கில்லைங்க. யாரோ உள்ள போயிருக்காங்க."

"தெனமும் இதைத்தானே சொல்றே?" அழகர்சாமி போனை வைத்துவிட்டார்.

ஃபேக்டரிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த குமாரசாமியின் நம்பரை யார் யாரிடமோ கேட்டு வாங்கி, எட்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மணி, லாரியில மோட்டாரை ஏத்திட்டு இருக்கறாங்க. நான் ஓனரோட ஆளுங்கன்னுல்ல நெனச்சேன்!"

மறுபடி ஸ்டேஷன். இந்த முறை ஜீப் கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது மோட்டார்கள் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

ஃபேக்டரிக்காரர் ரவிச்சந்திரனைத் திட்டினார். ரவிச்சந்திரன் பிலோமியைத் திட்டினார். அவள் ஆத்திரத்தோடு ஸ்டேஷனுக்கே போய் அழகர்சாமி முன்னால் நின்றாள்.

"நான் முதல்லயே சொன்னேனுங்களே சார்!"

"சொன்னே. அதுக்கு முன்னால எத்தனை தடவை சொன்னே?"

அதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விசாரிக்காமல் கூப்பிட்டால் இனி ஜீப் வராது என்று ஸ்டேஷனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ரவிச்சந்திரன் அவள் கேட்டதையே கம்பெனி விதியாக்கினார். வீட்டுக்கு ஒரு போன், பக்கத்து வீட்டுக்கு ஒரு போன், பிறகுதான் போலீஸ். ஜீப் வீணாக அலைவது பெருமளவு நின்றது. அழகர்சாமியும் அவள் சொன்னால் கிளம்பினார்.

ஃபேக்டரிக்காரர் மட்டும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். காவல் காக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. அந்த விளக்கை மசினகுடி ரிசார்ட் ஒன்றுக்குக் கொடுக்கச் சொன்னார் ரவிச்சந்திரன். விளக்கின் கீழே ஒட்டியிருந்த ஃபேக்டரி பெயரைப் பிலோமி நகத்தால் சுரண்டினாள். பசை லேசில் வரவில்லை.