அவிழ்த்துவிட்ட கிடா

என் கணவர் ஆட்டுக்கறியை விட்டது ஒரு வெளிநாட்டுக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தவன் அவன். ஆடு மாடு விடும் காற்றில்கூடப் பூமி சூடாகிறதாம், அதனால் கறி தொடமாட்டானாம். இவர் அதைக் கேட்டுவிட்டு வந்து, அடுப்படியில் என் கறிக்குழம்புச் சட்டியை எட்டி உதைத்தார். கரண்ட் போனால் நாள் முழுக்க டீசல் ஜெனரேட்டர் ஓட்டுகிற முதலாளி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் காதுகுத்துக்கும் சைவ விருந்துதான் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். மடத்துக்குளத்தில் விவசாயம் பார்த்த என் அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி என் வாயையும் அடைத்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். அவன் முறைத்துக்கொண்டு போனால் எனக்குப் பிறந்தவீடே இல்லை.

அண்ணன் தான் வளர்த்த கிடாவோடு குலதெய்வக் கோயிலுக்கு வந்து இறங்கினான். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்பியது. சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குமேல் திருப்பிக் கொண்டுபோக முடியாது. அப்போது பார்த்து இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மழை பொய்த்ததற்கு நாம் தின்கிற கறியும் காரணம் என்று பிரசங்கம் வேறு.

அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஏனுங்க மாப்பிள்ளை, உங்க துணிக்குப் போட்ட சாயம் ஆத்தையே கொன்னுதுங்களே. அப்பெல்லாம் பூமி நோவலீங்களா?"

இவர் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

இருவரும் கட்டிப் புரண்டார்கள். அண்ணன் முழங்கை இவர் மூக்கை உடைத்தது. இவர் கடித்ததில் அவன் தோள் கிழிந்தது. விலக்கப் போன என்னையும் யாரோ முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். அண்ணன் எழுந்து பூசாரி கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கினான். அவன் இவரைத் தாண்டிப் போய், அவிழ்த்துவிட்டும் ஓடாமல் மகள் பக்கத்தில் நின்ற கிடாவை ஒரே வெட்டாக வெட்டினான். ரத்தம் மகளின் பட்டுப்பாவாடையில் தெறித்தது.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு மணையில் உட்கார்ந்து, "வா கண்ணு" என்றான். அவள் வீறிட்டு அலறினாள். மாமனிடமும் போகவில்லை, மூக்கில் ரத்தம் ஒழுக நின்ற அப்பனிடமும் போகவில்லை. காது குத்த வந்த ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான், அதன்பிறகு எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை.

கறி வாசம் பட்டாலே என் மகள் இன்றைக்கும் வாந்தி எடுக்கிறாள். பூமிக்காகக் கறியை விட்ட பிள்ளை என்று இவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார்.