ஏழாவது கோடு

லுவான் தேகுய் மூன்றாம் எண் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். வயது நாற்பத்தேழு, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். கூடைப்பந்துக்கென்றே பிறந்த ஆள் தான், நடுவில் வளரத்தான் மறந்துவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்து அணியில் நாலு வருஷம் பெஞ்சைத் தேய்த்தார். பந்து கைக்கு வரவில்லை, பேனாதான் வந்தது. ஊர் அணியான இரும்புக் குதிரைகள் சொந்த மண்ணில் ஆடும் ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும், பத்தொன்பது வருஷமாக, மைதான ஓரத்து நீள மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

அவர் வேலை வெளிநாட்டுக்காரர்களை எண்ணுவது. அணிக்கு இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். ஆட்டம் நாலு கட்டம். நாலு கட்டத்துக்கும் சேர்த்து அவர்களை ஏழு முறைதான் இறக்கலாம். ஒருவன் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு நொடி உள்ளே நின்றாலும் அது ஒரு முறை. இந்தச் சட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறும். பயிற்சியாளர்களுக்கே தலை சுற்றும். அதனால் மேசையில் லுவான் வைத்திருக்கும் எண் அட்டையைத்தான் இரண்டு அணிகளும் பார்க்கும். அட்டை சொன்னால் சொன்னதுதான்.

லுவான் கணக்கைத் தாளில் கோடு கோடாகப் போடுவார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு முழுச் சீன எழுத்து. பள்ளியில் வகுப்புத் தலைவன் தேர்தலுக்கு ஓட்டு எண்ணுவதும் அப்படித்தான், மனைவி ஷியூபிங் தன் நூடுல்ஸ் கடையில் கிண்ணம் எண்ணுவதும் அப்படித்தான்.

அன்றைக்கு லீக்கின் கடைசி ஆட்டம். எதிரில் தெற்கத்திக் கடற்கரை அணி. ஜெயித்தால் இரும்புக் குதிரைகள் பதினோரு வருஷத்துக்கப்புறம் அடுத்த சுற்றுக்குள் போகும். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஷியூபிங் காலையிலேயே கடை வாசலில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டாள்: ஜெயித்தால் நாளைக்கு எல்லாருக்கும் முட்டை இலவசம்.

"ஏங்க, இருநூறு முட்டை வாங்கி வெச்சிருக்கேன். பாத்து நடந்துக்குங்க."

"நானா பந்து போடப் போறேன்?"

"உக்காந்த எடத்துல எதையும் கெடுக்காம இருந்தா போதும்."

கெடுக்கும்படி ஆனது இரண்டாம் கட்டத்தின் முடிவில். ஆனால் அப்போது லுவானுக்கே அது தெரியாது.

பக்கத்து நாற்காலியில் இருபத்துநாலு நொடிக் கடிகாரத்தைப் பார்ப்பவர் தோங். தபால் ஆபீஸ்காரர், ஊர் வம்பு அத்தனைக்கும் அவர்தான் கிளை அலுவலகம். இரண்டு நொடி மிச்சமிருந்தபோது ஆட்டம் நின்றது. தோங் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"அண்ணே, நம்ம கோச் ஹாவுக்கு இது பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்க வர்ற பொறந்த மிருக வருஷம்ல? கெட்டது அண்டாம இருக்க சீசன் பூரா செவப்பு ஜட்டிதானாம். மொத்தமே ரெண்டு. போன தடவ தோத்த அன்னிக்குப் போட்டிருந்தத அவரு வீட்டம்மா அடுப்புல போட்டுட்டாங்களாம்."

"அப்ப மிச்சம் ஒண்ணுதானா?"

"அதான் இன்னிக்கு உள்ள இருக்கு. நேத்து ராத்திரி தொவச்சது காஞ்சுதோ என்னவோ!"

லுவானுக்குச் சிரிப்பு பீறிட்டது. உடம்புக்கு நல்லதென்று சிவப்புக் கோஜி உலர்பழம் போட்ட வெந்நீர் ஃபிளாஸ்க்கின் மூடி கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டது. குனிந்து தேடினார். தலைக்கு மேலே கூட்டம் "ஓ" என்று கத்தியது, கட்டம் முடிந்த சங்கு ஊதியது. மூடியோடு நிமிர்ந்தபோது ஆட்டக்காரர்கள் இடைவேளைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாலாம் கட்டம். இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது நொடி. இரும்புக் குதிரைகள் ஒரு புள்ளி முன்னே. பின்வரிசையில் ஒரு பெண் மேளத்தை அடிப்பதை நிறுத்திவிட்டுக் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹாவ் மேசைக்கு ஓடி வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"வாத்தியாரே, எத்தன மிச்சம்?"

லுவான் தாளைப் பார்த்தார். முதல் கட்டம் இரண்டு, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, இப்போது ஒன்று. ஒரு முழு எழுத்தும் ஒரு கோடும். அட்டையிலும் ஆறு.

"ஒண்ணு இருக்கு கோச்."

"மிலோஷ்! வா!"

செர்பியாக்காரன் மிலோஷ் பனியனுக்கு மேலே போட்டிருந்த உடைகளை உதறிவிட்டு மேசைக்கு முன்னால் இருக்கும் மாற்று நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தபோதும் அவன் முகம் லுவான் நிற்கும் உயரத்துக்கு இருந்தது. தாடையில் ஒரு பிளாஸ்திரி, நடுவில் காய்ந்த ரத்தம்.

லுவான் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்தார். மூன்றாம் கட்டம் தொடங்கி இவன் உள்ளே வந்தபோதே அது ஒட்டியிருந்தது. முதல் கட்டத்தில் முகம் சுத்தமாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் இவன் இறங்கவே இல்லை என்கிறது தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தாடையை யார் இடித்தார்கள்?

ஃபிளாஸ்க் மூடி. அந்த இரண்டு நொடி. ஹாவ் ஒரே ஒரு பந்தைத் தடுக்க இவனை இறக்கியிருக்கிறார். முழங்கை பட்டிருக்கிறது. கூட்டம் கத்தியது அதற்குத்தான்.

ஆறு இல்லை, ஏழு. முடிந்துவிட்டது.

"தோங்கு," என்றார் உதட்டை அசைக்காமல். "ரெண்டாவது கட்டக் கடைசில இவன் உள்ள வந்தானா?"

தோங் திரும்பிப் பார்த்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. நீங்களும் எதையும் பாக்கல. நாலாயிரம் பேரு இருக்காங்க, ஒருத்தனும் எண்ணல. சும்மா இருங்க."

எதிரணி பெஞ்சும் அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. அட்டை ஆறு என்கிறதே. வாயைத் திறந்தால் பத்தொன்பது வருஷத்து நாற்காலி போகும். ஊர் காறித் துப்பும். திறக்காவிட்டால் ஒன்றுமே நடக்காமல் போகலாம். இல்லை, நாளைக்கு எவனாவது வீடியோவைப் போட்டுப் பார்த்து, ஜெயித்த ஆட்டத்தையே பிடுங்கிக்கொள்ளலாம்.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. நடுவர் ஊதினார். மாற்று ஆள் இறங்க வேண்டிய நேரம். மிலோஷ் எழுந்தான். ஒரு ஷூ கோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

லுவான் மேசைமேல் பாதி எக்கி, அவன் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். மறு கையால் சங்குப் பொத்தானை அமுக்கினார். அது ஊதிக்கொண்டே இருந்தது. கையை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஹாவ் பாய்ந்து வந்தார். "என்னய்யா பண்றீங்க? விடுங்க அவன!"

"ஏழு முடிஞ்சு போச்சு கோச்."

"ஆறுன்னு இப்பதானே சொன்னீங்க!"

"ரெண்டாவது கட்டத்துல கோடு போடாம விட்டுட்டேன். என் தப்பு. அவன் தாடையப் பாருங்க."

ஹாவ் தாடையைப் பார்த்தார். அவருக்கும் அந்த இரண்டு நொடி ஞாபகம் வந்தது. ஆட்ட மேற்பார்வையாளர் வந்து வீடியோவை ஓட்டிப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினார். லுவான் எல்லார் கண் முன்னாலும் ஏழாவது கோட்டைப் போட்டார். கோடு கோணலாக விழுந்தது.

மிலோஷ் இல்லாமல் மிச்ச நொடிகளை ஆடினார்கள். உள்ளூர்ப் பையன்கள் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். நாலு நொடி இருக்கும்போது தெற்கத்திக்காரன் ஒருவன் கூடைக்கடியில், மிலோஷ் நின்றிருக்க வேண்டிய இடத்தில், சாவகாசமாக எழும்பிப் போட்டுவிட்டு இறங்கினான்.

ஒரு புள்ளியில் தோல்வி.

கூட்டத்திலிருந்து சூரியகாந்தி விதைப் பொட்டலங்கள் மேசை மேல் வந்து விழுந்தன. லுவான் எழவில்லை. கூட்டம் கரைந்த பிறகு ஹாவ் திரும்பி வந்து எதிரில் நின்றார்.

"அந்த ரெண்டு நொடி எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"மூடி கீழ விழுந்துடுச்சு. குனிஞ்சேன்."

"எதுக்கு விழுந்துச்சு?"

தோங் அவசர அவசரமாகக் கடிகாரத்தின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சிரிச்சேன்," என்றார் லுவான்.

"எதுக்கு?"

லுவான் தரையைப் பார்த்தார். ஹாவ் ஃபிளாஸ்க்கை எடுத்து, மிச்சமிருந்ததைக் கோஜிப் பழத்தோடு கடகடவென்று குடித்து, காலி ஃபிளாஸ்க்கை வைத்தார். மூடியை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

லுவானுக்கு ஆறு மாசத் தடை. கடையில் இருநூறு முட்டை. ஷியூபிங் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலை இரண்டு, மதியம் இரண்டு, ராத்திரி இரண்டு என்று அவர் கிண்ணத்தில் போட்டாள். மூன்றாம் நாள் அவர் கேட்டார், "இன்னும் எத்தன இருக்கு?"

"நீங்கதான் எண்ணுறதுல கெட்டிக்காரராச்சே. எண்ணிக்குங்க."

பள்ளிப் பிள்ளைகள் முதல் பஸ் டிரைவர் வரை அவருக்கு ஊரில் புதுப் பேர்: மூடி வாத்தியார்.

குளிர் தொடங்கும்போது அடுத்த சீசனும் தொடங்கியது. தடை முடிந்திருந்தது. சட்டம் மறுபடி மாறியிருந்தது. லுவான் மேசையில் வந்து உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "மூடி வாத்தியாரே! இன்னிக்கு எதையாச்சும் கீழ போட்டீங்கன்னா நாங்க எடுத்துத் தர்றோம், நீங்க குனியாதீங்க!" வரிசை முழுக்கச் சிரித்தது.

மேசைக்கடியில் ஃபிளாஸ்க் இல்லை. தொண்டை வறண்டிருந்தது. தோங் பக்கத்தில் சாய்ந்தார். "அண்ணே, சேதி தெரியுமா? கோச்சோட மச்சினி..."

லுவான் திரும்பவில்லை. மிலோஷ் மாற்று நாற்காலியிலிருந்து எழுந்தான். தாடையில் சின்னத் தழும்பு. அவன் ஷூ கோட்டைத் தாண்டும் வரை லுவான் கண் இமைக்கவில்லை. பிறகு ஒரு கோடு போட்டார், நேராக.